'தின்னும்' பூஞ்சையும் 'மட்கும்' நெகிழியும்: பூஞ்சைவழி நெகிழிச் சிதைவு ஆய்வுகளும் தமிழ்க் கலைச்சொற் பொருத்தமும்

ஆய்வுச்சுருக்கம்

நெகிழிக் கழிவைப் பூஞ்சைகளின் துணைகொண்டு சிதைக்க முயலும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவ்வாய்வுகளைத் தமிழில் எடுத்துரைக்கும் எழுத்துகள் 'தின்னுதல்', 'மட்குதல்', 'சிதைதல்', 'அழிதல்' ஆகிய வினைகளை ஒரே பொருளில் மாற்றி மாற்றி ஆள்கின்றன. வேதியியல் நோக்கில் இவை ஒன்றோடொன்று ஒவ்வாத நிகழ்வுகள். 2011 முதல் 2024 வரை வெளிவந்த சில முதன்மையான ஆய்வுகள் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. அப்பிரிப்பைத் தாங்கக்கூடிய தமிழ்ச் சொற்கள் வழக்கிலேயே உள்ளனவா என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல், நெகிழி, பூஞ்சை, மட்குதல், உக்குதல், கனிமமாதல்.

முன்னுரை

உலகில் 2015ஆம் ஆண்டு வரை உற்பத்தியான நெகிழியின் அளவு ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று கணக்கிட்டது. அதுவரை கழிவாக மாறிய 630 கோடி டன்னில் 9 விழுக்காடு மறுசுழற்சிக்கு உள்ளாயிற்று. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைக் கிடங்குகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. இத்தேக்கத்தின் முன் நின்று பார்ப்பவர்க்கு, நெகிழியை உணவாகக் கொள்ளும் ஓர் உயிர் உண்டு என்னும் செய்தி பெரும் ஆறுதலாக அமைவது இயல்பே. 'பிளாஸ்டிக்கைத் தின்னும் பூஞ்சை' என்னும் தொடர் தமிழ் வாசகருக்குப் பழகிப்போனதற்கு இவ்வாறுதல் வேட்கையும் ஒரு காரணம்.

இத்தொடரில் மூன்று சொற்கள் உள்ளன. மூன்றுமே பொதுச்சொற்கள். பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளன்று. வேதியமைப்பில் வேறுபட்ட பல பொருள்களின் தொகுதி. பூஞ்சை என்பது ஓர் உயிரன்று, ஒரு பேருலகம். 'தின்னும்' என்னும் பெயரெச்சமோ, தின்னப்பட்டது எங்கே போயிற்று என்ற வினாவை எழவிடாமலே தடுத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எச்சரிக்கையோடு வரையறுத்துச் சொல்லியவை மொழிபெயர்ப்பில் கரைந்துபோவது இம்மூன்று இடங்களிலும் நிகழ்கிறது. கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே கருத்திற் கொள்கின்றன. இங்கே இடர் பெயரில் இருப்பதைவிட வினையில் மிகுதியாக இருக்கிறது.

பெயர்கள்: நெகிழி, பூஞ்சை

'நெகிழ்' என்னும் வினையடி இளகுதல், தளர்தல், கழலுதல் ஆகிய பொருள்களை உடையது. அக இலக்கியத்தில் தலைவியின் வளை நெகிழ்தல் நன்கறிந்த துறை. வனையத்தக்கது, வடிவம் கொடுக்கத்தக்கது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'பிளாஸ்டிக்' என்பதற்கு இவ்வடியிலிருந்து 'நெகிழி' என ஆக்கியது பொருத்தமான ஆக்கமே. சிலர் இதனை 'ஞெகிழி' என்றும் எழுதுவர். எனினும் பழந்தமிழில் ஞெகிழி கொள்ளிக்கட்டையைக் குறித்து நின்ற சொல்லாதலின், அவ்வடிவத்தைத் தவிர்ப்பது மயக்கத்தைக் குறைக்கும். இலங்கைப் பாடநூல்கள் 'பிளாத்திக்கு' என ஒலிபெயர்த்துக் கொண்டன.

பூஞ்சைக்குத் தமிழ்நாட்டில் பூஞ்சை, பூசணம், பூஞ்சணம் எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஊறுகாய்ச் சாடியில் படர்வதும் ஈரச் சுவரில் பூப்பதும் பூசணம்; மழைக்குப்பின் குடை விரிப்பது காளான். மக்கள் வழக்கில் இவை இரண்டும் ஓரினம் என்ற உணர்வு இல்லை. இலங்கை வழக்கான 'பங்கசு' இவ்விரண்டையும் ஒருங்கே அடக்கும். நெகிழிச் சிதைவு பற்றிய ஆய்வுகளில் இவ்விரு கூட்டமும் வருகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூசணங்கள் ஒருபுறமும், சிப்பிக் காளான் போன்ற குடைப்பூஞ்சைகள் மறுபுறமும் தத்தமக்குரிய வேறுபட்ட நொதிகளைக் கொண்டு வேறுபட்ட வழிகளில் செயற்படுகின்றன. 'பூஞ்சை' என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் சுட்டும்போது, எந்தக் கூட்டம் என்பதை உடன் சொல்வது இன்றியமையாதது.

வினைகள்: மட்கு, உக்கு, சிதை, நொறுங்கு

தமிழ்நாட்டில் குப்பைத் தொட்டிகள் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என இரண்டாக நிற்கின்றன. பாடநூல்களும் அரசாணைகளும் 'மட்கும்', 'மட்காத' என்னும் வடிவத்தை விரும்புகின்றன. ஈழத்து வழக்கில் இதே இடத்தில் 'உக்கும்', 'உக்காத' என்பன வருகின்றன. மட்குதல் ஒளி மழுங்குதலையும் குறிக்கும். மக்கு என்பது அறிவு மழுங்கியவனுக்கும் ஆகும். உக்குதல், உதிர்தலையும் சிந்துதலையும் குறிக்கும் 'உகு' என்னும் வினையை நினைவூட்டுகிறது. இற்றுப்போன மரம் கையிற்பட்ட அளவிலே பொடிந்துதிர்வதை உக்கிப்போயிற்று என்பர். ஆக, மட்கு என்பதில் தன்மை மாற்றமும், உக்கு என்பதில் வடிவம் குலைதலும் முன்நிற்கின்றன. இரு சொற்களும் இன்று ஒரே பணியைச் செய்தாலும் அவற்றின் உட்பொருட் சாயல் ஒன்றன்று என்பது கருதத்தக்கது.

உயிர்வழிச் சிதைவை ஆய்வுலகம் நான்கு படிகளாகப் பகுக்கிறது. முதலாவது, உயிரி மேற்பரப்பில் ஒட்டி வளர்ந்து அதனைச் சொரசொரப்பாக்கி வெடிப்புறச் செய்தல். இரண்டாவது, நொதிகள் நீண்ட பல்லுறுப்பிச் சங்கிலிகளைச் சிறு மூலக்கூறுகளாக முறித்தல். மூன்றாவது, அச்சிறு மூலக்கூறுகளை உயிரி தன் உடலுக்குள் ஈர்த்துத் தன்மயமாக்கிக்கொள்ளுதல். நான்காவது, அவற்றின் கார்பன் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் நீராகவும் வெளியேறுதல். இவற்றை முறையே அரிமானம், முறிவு, தன்மயமாதல், கனிமமாதல் எனலாம். நான்கு சொற்களும் தமிழுக்குப் புதியவை அல்ல, நிரல்பட ஆளப்படாதவை.

இந்நான்கும் ஒன்றையடுத்து ஒன்று நிகழ்ந்தே தீரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. முதற்படியோடு நின்றுபோவது மிகுதி. நெகிழியைப் பொறுத்தவரை இது வெறும் குறைபாடு மட்டுமன்று; தீங்கு. வெடித்து நொறுங்கிய நெகிழி நுண்துகளாகி, திரும்பப் பெற இயலாதவாறு மண்ணிலும் நீரிலும் பரவும். கண்ணுக்குத் தெரிந்த பை கண்ணுக்குத் தெரியாத துகளாவதை 'அழிந்தது' என்று சொன்னால் அச்சொல் நேர்மாறான பொருளையே தருகிறது.

ஈக்குவடோர்க் காட்டிலிருந்து வந்த பூஞ்சை

இத்துறையில் மிகுதியாகப் பேசப்பட்ட ஆய்வு 2011இல் யேல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. ஈக்குவடோர் நாட்டின் அமேசான் காட்டுப் பகுதியான யாசூனியில் மாணவர்கள் செடிகளின் தண்டுகளைச் சேகரித்து, அவற்றின் திசுக்களுக்குள் நோய் விளைவிக்காமல் வாழும் அகவாழ் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் பெஸ்டலோடியாப்சிஸ் மைக்ரோஸ்போரா என்னும் இனத்தின் இரண்டு பிரிவுகள், பாலியூரித்தேனை மட்டுமே கார்பன் மூலமாகக் கொண்டு, ஆக்சிஜன் இருக்கும் சூழலிலும் இல்லாத சூழலிலும் வளர்ந்தன. நீராற்பகுக்கும் நொதியொன்றே இச்செயலுக்குக் காரணம் என்றும் கண்டனர். குப்பைக் கிடங்கின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் இராது. ஆதலின் இக்கண்டுபிடிப்பின் இரண்டாம் பகுதி பெரும் ஆர்வத்தைத் தூண்டியதில் வியப்பில்லை.

எனினும் ஆய்வில் பயன்பட்ட பொருள் எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது பாய்மெத்தையோ காலணி அடிப்பாகமோ அன்று. நீரில் பாலைப்போல் கலந்து நிற்கும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் கலவை. வளர்ப்புத் தட்டில் அக்கலவை வெண்ணிறமாக ஒளிபுகாது இருக்கும். பூஞ்சை செயற்பட்ட இடம் தெளிந்து ஒளி புகும். இத்தெளிவே சான்று. அக்கலவையிலுள்ள எஸ்டர் பிணைப்புகள் சிலவற்றை முறித்தாலே கலவையின் நிலைப்பு குலைந்து தெளிவு தோன்றக்கூடும் என்றும், ஆகவே தெளிவு மட்டும் முழுச் சிதைவுக்குச் சான்றாகாது என்றும் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டினர். மேலும், மெத்தைகளில் உள்ள நுரை பெரும்பாலும் பாலிஈதர் வகைப் பாலியூரித்தேன். அதில் முறிப்பதற்கு எளிதான எஸ்டர் பிணைப்பு இல்லை. 'பாலியூரித்தேனை உண்ணும் பூஞ்சை' என்னும் தொடரில் 'பாலியெஸ்டர்' என்னும் அடை விடுபட்டால் பொருள் பல மடங்கு விரிந்துவிடுகிறது.

2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தின் குப்பைக் கிடங்கிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் டியூபிஞ்சென்சிஸ் என்னும் பூசணம் பிரித்தெடுக்கப்பட்டது. இங்கும் பொருள் பாலியெஸ்டர் பாலியூரித்தேனே. ஆனால் கலவையாக அன்றி மெல்லிய படலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நீர்ம ஊடகத்தில் இரண்டு மாதங்களில் அப்படலம் சிறு துண்டுகளாயிற்று. 'சிறு துண்டுகளாயிற்று' என்பதே ஆய்வின் கூற்று. இதனைத் தமிழில் 'இரண்டே மாதங்களில் பிளாஸ்டிக்கை அழிக்கும் பூஞ்சை' என எழுதுபவர் முதலிரண்டு படிகளில் நிகழ்ந்ததை நான்காம் படிக்கு ஏற்றிவிடுகிறார்.

மரத்தை மட்கச் செய்யும் கலை

எஸ்டர் பிணைப்புள்ள நெகிழிகள் எளிய பகை. கடினமானது பாலியெத்திலீன். கடைகளில் தரப்படும் மெல்லிய பையும் பால் உறையும் இதனால் ஆனவை. இதன் முதுகெலும்பு முழுவதும் கார்பனும் கார்பனும் கோத்த சங்கிலி. நீராற்பகுக்கும் நொதிக்குக் கை வைக்க இடமில்லை. 1933இல் இங்கிலாந்தின் வேதித் தொழிற்கூடம் ஒன்றில் தற்செயலாகப் பிறந்த இப்பொருளுக்கு இன்னும் நூறு வயது நிறையவில்லை. அதனைச் சிதைக்கும் ஆற்றல் உயிர்களுக்குப் படிமலர்ச்சி வழி கைவரப் போதிய காலம் வாய்க்கவில்லை எனலாம்.

இவ்விடத்தில் பூஞ்சைகளின்மேல் நம்பிக்கை எழுவதற்கு ஒரு முன்னிகழ்வு காரணம். மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் ஒழுங்கற்ற, உயிர்களால் எளிதில் முறிக்க இயலாத பெரும் பல்லுறுப்பி. அதனை வெண்ணிறமாக இற்றுப்போகச் செய்யும் வெண்மட்கல் பூஞ்சைகள் குறிபார்த்து ஒரு பிணைப்பை வெட்டும் நொதிகளை மட்டும் நம்புவதில்லை. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ், லிக்னின் பெராக்சிடேஸ் ஆகிய ஆக்சிஜனேற்ற நொதிகளைத் தம் உடலுக்கு வெளியே சுரக்கின்றன. அவை எதிர்ப்பட்டதை எல்லாம் தாக்கும் வினைமிகு மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அடுப்பில் வைத்துச் சமைத்தபின் உண்பது போல, பூஞ்சை தன் உணவை வெளியே செரித்தபின்பே உட்கொள்கிறது. இந்நொதிகள் உருவான காலம் நிலக்கரிக் காலத்தின் இறுதியை ஒட்டியது என 2012இல் மரபணுத்தொகுதி ஒப்பீட்டின்வழி ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அவை இல்லாமையினாலேயே நிலக்கரி குவிந்தது என்னும் விரிவாக்கத்தை 2016இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். நிலக்கரி பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், குறிதவறியும் தாக்கும் இந்நொதிகள் பாலியெத்திலீனையும் ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்பது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது.

சிப்பிக் காளான் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் வைக்கோற் படுக்கையில் வளர்த்து விற்கப்படும் அதே காளானைக் கொண்டு பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் சேர்மங்கள் கலந்த பைகளின்மேல் இக்காளானை வளர்த்தபோது, பையின் மேற்பரப்பில் வெடிப்புகளும் சிறு துளைகளும் தோன்றின. இங்கு எடுத்துக்கொண்ட பை முன்னமே உடைவதற்கென ஆயத்தம் செய்யப்பட்டது. வழக்கமான பாலியெத்திலீன் பையன்று. அவ்வகைப் பைகள் நுண்துகளாகிப் பரவும் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை 2021 சூலை முதல் சந்தையிலிருந்து விலக்கியது.

எடையிழப்பு என்னும் சான்று

மன்னார் வளைகுடாக் கடலோரத்தின் நெகிழிக் குப்பையிலிருந்து பிரித்த இரண்டு ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணங்கள் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவற்றுள் ஒன்று மேற்சொன்ன டியூபிஞ்சென்சிஸ் இனம். மற்றொன்று ஃபிளேவஸ் இனம். 30 நாள்களில் உயரடர்த்திப் பாலியெத்திலீன் முறையே ஏறத்தாழ 6 விழுக்காடும் 8.5 விழுக்காடும் எடை குறைந்தது. தமிழகக் கடலோரத்தில் கிடைத்த பூஞ்சைகள் பற்றிய இவ்வாய்வு, இஸ்லாமாபாத் ஆய்வுக்கு ஈராண்டு முந்தியது. அமேசான் காட்டுப் பூஞ்சைக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் இதற்குக் கிட்டவில்லை.

எடையிழப்பு எளிய அளவீடு, தராசு போதும். ஆயின் தராசு எதை நிறுத்தது என்பதைச் சொல்லாது. வணிக நெகிழியில் பல்லுறுப்பியோடு இளக்கிகள், நிறமிகள், நிலைப்படுத்திகள் எனப் பல சேர்மங்கள் உள்ளன. நீரில் கரைந்து வெளியேறியவையும் பூஞ்சை முதலில் உண்டவையும் அச்சேர்மங்களாகவே இருக்கக்கூடும். பல்லுறுப்பியிலேயும் குட்டைச் சங்கிலிகள் ஒரு பகுதி உண்டு. அவை தீர்ந்ததும் எடையிழப்பு நின்றுவிடுவது வழக்கம். 30 நாளில் 8.5 என்றால் 300 நாளில் 85 என வாய்பாடு போடுதல் ஆகாது. மறுதலையாக, பரப்பில் ஒட்டிய பூஞ்சையிழைகள் கழுவியும் போகாவிடின் எடை கூடியும் காட்டும். அகச்சிவப்பு நிறமாலையில் தென்படும் புதிய கார்பனைல் பட்டைகள் நெகிழி ஆக்சிஜனேற்றம் பெற்றதைக் காட்டலாம். எஞ்சி ஒட்டியிருக்கும் பூஞ்சையின் புரதத்தையும் காட்டலாம்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தினர் 2023இல் பாலிபுரோப்பிலீனைக் கொண்டு செய்த ஆய்வு இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ், எஞ்சியோடோன்டியம் ஆல்பம் என்னும் இரண்டு பூஞ்சைகளால் 30 நாள்களில் 21 விழுக்காடும் 90 நாள்களில் 25 முதல் 27 விழுக்காடும் குறைவு ஏற்பட்டதாக அது கூறியது. முதல் 30 நாளில் நிகழ்ந்ததற்கும் அடுத்த 60 நாளில் நிகழ்ந்ததற்கும் உள்ள இடைவெளியை இவ்வெண்களே காட்டுகின்றன. அதனோடு, அப்பாலிபுரோப்பிலீன் பூஞ்சையின் முன் வைக்கப்படுவதற்கு முன்னரே புற ஊதாக் கதிராலோ வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ பதப்படுத்தப்பட்டது. சுருங்கச் சொல்லின், பூஞ்சை உண்டது நெகிழியையன்று, வெந்த நெகிழியை.

கார்பன்-13: ஐயத்தைத் தீர்த்த முறை

தின்னப்பட்டது எங்கே போயிற்று என்னும் வினாவிற்கு நேரடி விடை தருவது அடையாளமிட்ட கார்பன் முறை. இயற்கையில் மிகப் பெரும்பாலான கார்பன் அணுக்கள் 12 நிறையெண் உடையவை. நூற்றில் ஒன்றே 13. முழுவதும் கார்பன்-13 கொண்டு ஒரு நெகிழியை உருவாக்கிப் பூஞ்சைக்குத் தந்தால், பின்னர் எங்கெல்லாம் கார்பன்-13 மிகுந்து தோன்றுகிறதோ அங்கெல்லாம் நெகிழியின் கார்பன் சென்றது என்று ஐயமின்றி அறியலாம். இளக்கியும் நிறமியும் இக்கணக்கைக் குழப்ப மாட்டா.

நெதர்லாந்தின் டெக்சல் தீவிலுள்ள கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தலைமையில் 2024இல் வெளிவந்த ஆய்வு இம்முறையைக் கையாண்டது. வட பசிபிக் பெருங்கடலின் சுழலில் மிதக்கும் நெகிழிக் குப்பையிலிருந்து பேரெஞ்சியோடோன்டியம் ஆல்பம் என்னும் பூஞ்சை பிரிக்கப்பட்டது. கார்பன்-13 அடையாளமிட்ட பாலியெத்திலீனை அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 விழுக்காடு வீதம் சிதைத்தது. அக்கார்பனின் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறியது. பூஞ்சையின் உடலில் சேர்ந்தது மிகச் சிறிய பங்கே. இங்குதான் கனிமமாதல் என்னும் நான்காம் படி மெய்ப்பிக்கப்பட்டது. இதுவே 'மட்கியது' என்னும் சொல் முழுப்பொருளில் பொருந்தும் இடம். எனினும் முன்பு புற ஊதாக் கதிர் பட்டிராத பாலியெத்திலீனை இப்பூஞ்சை சிதைக்கவில்லை. வெயில் படும் கடற்பரப்பில் சிறிது காலமேனும் மிதந்த நெகிழிக்கே இது பயன்படும். ஆழத்தில் அமிழ்ந்ததற்கு ஆகாது.

வீதம் குறைவென்று இவ்வாய்வை ஒதுக்குவார் உளர். 0.05 என்பது 8.5ஐ நோக்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் முன்னது கனிமமான கார்பனின் அளவு; பின்னது தராசு காட்டிய குறைவு. இரண்டையும் ஒரே அட்டவணையில் 'சிதைவு விழுக்காடு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இடுவது மொழிவழி நேரும் பிழை. சிறிய எண்ணே இங்கு வலிய சான்று.

பெயர் மாறிய ஒரே பூஞ்சை

சிட்னி ஆய்வின் எஞ்சியோடோன்டியம் ஆல்பமும் டெக்சல் ஆய்வின் பேரெஞ்சியோடோன்டியம் ஆல்பமும் ஒரே இனம். 2016இல் பேரெஞ்சியோடோன்டியம் என்னும் புதிய பேரினம் வகுக்கப்பட்டு இவ்வினம் அதற்கு மாற்றப்பட்டது. பழைய பெயரும் ஆய்வேடுகளில் தொடர்கிறது. அதற்கும் முன் இது டிரைட்டிராக்கியம் ஆல்பம் எனப்பட்டது. மூலக்கூற்று உயிரியல் ஆய்வகங்களில் நாள்தோறும் பயன்படும் புரோட்டினேஸ்-கே என்னும் நொதி இப்பூஞ்சையிலிருந்தே 1974இல் பெறப்பட்டது. மயிரிலும் நகத்திலும் உள்ள கெரட்டினைச் செரிப்பதால் அதன் பெயரில் அவ்வெழுத்து வந்தது. எளிதில் செரிக்காதவற்றைச் செரிப்பது இவ்வினத்திற்குப் புதிதன்று. நெகிழி சிதைக்கும் பூஞ்சைகள் இத்தனை எனத் தமிழில் பட்டியலிடுவோர் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடாதிருக்க, இருசொற் பெயரை ஒலிபெயர்ப்பதோடு அமையாது அதன் மாற்றுப்பெயரையும் குறிப்பது நன்று.

பூஞ்சையைத் திறந்தவெளியில் தூவலாமா

ஆய்வகத்தில் பயன் தந்த பூஞ்சையைக் குப்பைமேட்டில் தூவினால் என்ன என்னும் வினா எளிதாக எழும். மன்னார் வளைகுடா ஆய்வில் மிகுதியான எடையிழப்பைத் தந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும் அதே பூசணம். கடலை உழவரும் எண்ணெய்ச் செக்கு நடத்துவோரும் அதன் இழப்பை அறிவர். ஒரே இனத்துள் நஞ்சு சுரப்பவையும் சுரக்காதவையும் உண்டாயினும், வித்துகளைக் காற்றில் விடுமுன் அவ்வேறுபாடு உறுதிப்பட வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் நுரையீரல் நோயும் தரும். குப்பைமேட்டில் உழைப்பவரே முதலில் அதன் வித்துகளை உள்ளிழுப்பவர்.

அதனால் மூடிய கலன்களில் வளர்த்தல், அல்லது பூஞ்சையை விடுத்து அதன் நொதியை மட்டும் எடுத்தாளுதல் என்னும் இருவழிகள் ஆராயப்படுகின்றன. ஹூமிகோலா இன்சோலென்ஸ் என்னும் பூஞ்சையின் கியூட்டினேஸ் நொதி 70 பாகை செல்சியசு வெப்பத்தில் படிகத்தன்மை குறைந்த பெட் நெகிழிப் படலத்தைப் பெருமளவு முறிப்பது அறியப்பட்டுள்ளது. இலையின் மேற்புற மெழுகுப் படலமான கியூட்டினை முறிக்க அமைந்த நொதி அது. ஆனால் குளிர்பானப் புட்டியிலுள்ள பெட் படிகத்தன்மை மிக்கது. அதனை உருக்கி விரைந்து குளிர்வித்துப் பொடியாக்கிய பின்னரே நொதி நன்கு செயற்படும்.

'மட்கும்' என்னும் முத்திரை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கான தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தடைக்குப்பின் 'மக்கும் தன்மையுடையது' என அச்சிட்ட பைகள் கடைகளில் பெருகின. இம்முத்திரையில் உள்ள சொல், குப்பைத் தொட்டியில் உள்ள அதே சொல். வாழையிலையும் மக்கும், இந்தப் பையும் மக்கும் என்றால், இரண்டையும் ஒரே குழியில் இடலாம் என்றே படிப்பவர் கொள்வர். அவ்வாறு கொள்வது அவர் பிழையன்று.

உரமாகும் நெகிழிக்கான பன்னாட்டுத் தர அளவு கேட்பது வேறு. 58 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் காக்கப்படும் தொழில்முறை உரமாக்கலில், 6 மாதங்களுக்குள் அதன் கார்பனில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக வேண்டும் என்பது அத்தரத்தின் சாரம். நான்காம் படியை அளக்கும் கடுமையான தேர்வு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் தேர்வுக்குரிய வெப்பம் வீட்டுக் கொல்லைக் குழியில் நிலைத்து நிற்பதன்று. சாக்கடையிலும் கண்மாயிலும் கடலிலும் அறவே இல்லை. லாக்டிக் அமிலத்தால் ஆன பல்லுறுப்பியிலும் எஸ்டர் பிணைப்பே உள்ளது. இருந்தும் குளிர்ந்த கடல்நீரில் அது ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாதிருக்கும். மரவள்ளி மாவு கலந்த பாலியெத்திலீன் பையிலோ மாவு மட்டும் கரைந்து எஞ்சியது நொறுங்கும். பூஞ்சை மாவை உண்டது உண்மை. பை மட்கியது உண்மையன்று.

இந்நிலையில் வழக்கிலுள்ள இரு சொற்களையே பணி பிரித்துக் கொடுக்கலாம் என்பது ஆராயத்தக்க முன்மொழிவு. வடிவம் குலைந்து பொடிதலைக் குறிக்க 'உக்கு' என்பதையும், கனிமமாதல்வரை செல்வதற்கு மட்டும் 'மட்கு' என்பதையும் வரையறுக்கலாம். அவ்வாறாயின் பிரேசில் ஆய்வின் பை உக்கியது. டெக்சல் ஆய்வின் பாலியெத்திலீன் மட்கியது. இதற்குத் தடையும் உண்டு. ஈழத்தமிழர்க்கு 'உக்கும் குப்பை' என்பதே உரமாவதைக் குறிக்கும் நடைமுறைச் சொல். தமிழ்நாட்டில் செய்யும் வரையறை அங்கே நேரெதிர்ப் பொருளைத் தந்துவிடும். 'பல்லுறுப்பி', 'பல்பகுதியம்' என்னும் பெயர் வேறுபாட்டை இரு நிலத்து வாசகரும் கடந்து செல்ல முடிகிறது. வினை ஒன்றாயிருந்து பொருள் வேறாவதைக் கடப்பது அதனினும் கடிது. ஆதலின் நொறுங்குதல், முறிதல் என்னும் பொதுவினைகளை முற்படிகளுக்கு வைத்து, மட்கு, உக்கு இரண்டையும் இறுதிப் படிக்கே இணைச்சொற்களாக விடுவது இருபுறமும் ஏற்கத்தக்கது.

எச்சொல்லை ஆண்டாலும், எந்த இடத்தில், எத்தனை வெப்பத்தில், எத்தனை நாளில் என்னும் மூன்றும் இவ்வினைக்கு அடையாக வந்தாக வேண்டும். 'தொழில்முறை உரமாக்கலில் மட்குவது', 'வீட்டு உரக்குழியில் மட்குவது' என்பன தனித்தனிக் கலைச்சொற்கள். இவற்றுள் முன்னதைப் பையில் அச்சிடும்போது இடமில்லை என்று முதல் இரு சொற்களை விட்டுவிடுவதால், 58 பாகை வெப்பத்தைக் காண வேண்டிய பை தெருவோர வாய்க்காலுக்குப் போகிறது.